பழைய செயின் சா: டேங்கில் இருந்து சிலிண்டர் வரை பெட்ரோல் வழியில் வரும் கோளாறுகள், கேள்வி பதில்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புக்காரர்கள் பலரும் தேடி அலைந்தது மரம் அறுக்கும் மெஷினை. விழுந்து கிடந்ததைத் துண்டு போட்டு அப்புறப்படுத்தாமல் புதுக் கன்று வைக்க முடியாதே. அன்றைக்கு அவசரத்தில் வாங்கிய 58 சிசி மெஷின்கள் இன்று கொட்டகை மூலையில் உரச் சாக்குக்குப் பின்னால் கிடக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்பார்கள், ஸ்டார்ட் ஆகாது, "கார்பரேட்டர் போயிடுச்சுண்ணே" என்று என் பட்டறைக்குக் கொண்டு வருவார்கள். இதே குறையோடு மர வியாபாரிகள் முப்பது வருஷத்துப் பழைய ஸ்டில் (ஜெர்மன் கம்பெனி), ஹஸ்க்வர்னா (சுவீடன் கம்பெனி) மெஷின்களையும் தூக்கி வருவார்கள். பெரும்பாலும் கார்பரேட்டர் மேல் தப்பு இருப்பதில்லை. வழக்கமாக என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

பைக் கார்பரேட்டர் வேலை எனக்கு அத்துப்படி. இதுவும் அதே மாதிரிதானே?

இல்லை. பைக்கில் மிதவையும் கிண்ணமும் இருக்கும், பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்கும். செயின் சாவை நாம் சாய்த்துப் பிடிக்கிறோம், கவிழ்த்துப் பிடிக்கிறோம். கிண்ணம் வைத்தால் கொட்டிவிடும். அதனால் இதில் இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன, பட்டறையில் டயாபிரம் என்போம். ஒன்று பம்ப் வேலை பார்ப்பது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்கு அடியில் இருக்கும் கிராங்க் கேஸ் என்ற அறைக்குள் எழும் காற்றுத் துடிப்பு, ஒரு சிறு துளை வழியாகவோ ரப்பர் குழாய் வழியாகவோ வந்து அந்தச் சவ்வை ஆட்டும். அந்த ஆட்டத்தில்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் ஏறுகிறது. இன்னொன்று அளவு பார்க்கும் டயாபிரம். அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் பெட்ரோல். இன்ஜின் இழுக்க இழுக்கச் சவ்வு உள்ளே குழிந்து, ஒரு குட்டி லீவரை அமுக்கி, பெட்ரோல் வழியை அடைத்திருக்கும் நீடில் என்ற ஊசியைத் திறக்கும். போதுமான பெட்ரோல் வந்ததும் லீவர் ஸ்பிரிங் மூடிவிடும்.

நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு நிற்கும் இவ்வளவு பெரிய மெஷின், கடைசியில் தபால்தலை அளவு சவ்வு இரண்டை நம்பித்தான் ஓடுகிறது. வழியில் எங்கே ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் பெட்ரோலுக்குப் பதில் காற்று ஏறும். அதனால் தேடுவதை டேங்க் பக்கமிருந்து தொடங்க வேண்டும். திருப்புளியைக் கடைசியில்தான் கையில் எடுக்க வேண்டும்.

இரண்டு வருஷம் சும்மா கிடந்தது. கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் சுள்ளென்று மூக்கில் ஏறும். பழசானது வார்னிஷ் கடை மாதிரி மந்தமாக வாடை அடிக்கும். அப்படி இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் ஒரு கண்ணாடி பாட்டிலில் முழுக்க வடித்துவிடுங்கள். பத்து நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியிருப்பது தெரியும்.

புது பெட்ரோல் ஊற்றி, சோக் போட்டு ஏழெட்டு இழுப்பு இழுத்தபின் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. அப்போது, பெட்ரோல் கேனை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, பிளக் துளைக்குள் ஆயில் கலந்த பெட்ரோல் நாலைந்து சொட்டு விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். படபடவென்று இரண்டு விநாடி ஓடி நின்றால் கரண்ட் சரி, கம்ப்ரஷனும் ஓரளவு சரி. குற்றவாளி பெட்ரோல் வழியில்தான் இருக்கிறான். ஒரு வெடிகூட வெடிக்கவில்லை என்றால் கார்பரேட்டரைத் தொடவே வேண்டாம். அது பிளக், காயில், சிலிண்டர் சமாச்சாரம்.

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கதை வேறு. சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்தபடி, பிளக் இல்லாமல் நாலைந்து தடவை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிறகு காய்ந்த பிளக் மாட்டிப் பாருங்கள். மறுபடியும் நனைகிறதென்றால் நீடில் மூடவில்லை, கார்பரேட்டர் கிட் (டயாபிரம், கேஸ்கட் போன்ற உள் சாமான்கள் அடங்கிய செட்) மாற்றும் வேலை இருக்கிறது.

டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஓடுகிறது, இறுக்கினால் பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

டேங்குக்கு மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தாலும் ஏறாது. சில மாடல்களில் இந்த வென்ட் மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் கைப்பிடி ஓரமாக ஒரு சிறு ரப்பர் குழாயில் அடைப்பான் போல இருக்கும். மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். விலை குறைந்த சாமான், மாற்றிவிடலாம். மூடியைத் தளர்த்தி வைத்தே வேலை பார்க்கும் ஆட்கள் உண்டு, சூடான சைலன்சர் பக்கத்தில் பெட்ரோல் சிந்தும் ஆபத்து அது.

பெட்ரோல் டியூப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் மாற்றச் சொல்கிறீர்களே?

பார்க்க நன்றாக இருக்கும், அதுதான் அதன் வஞ்சகம். டியூப் டேங்குக்குள் நுழையும் இடத்திலும், கார்பரேட்டர் மூக்கில் மாட்டியிருக்கும் இடத்திலும் வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு அங்கேதான் இருக்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது ஒழுகாது, ஓடும்போது காற்று இழுக்கும். "மெஷினை ஒரு பக்கம் சாய்த்தால் ஓடுது, இன்னொரு பக்கம் சாய்த்தால் ஆஃப் ஆகுது" என்று சொல்லும் கேஸ்களில் நான் முதலில் பார்ப்பது இந்த டியூபைத்தான்.

சோதிக்க எளிய வழி: டியூபைக் கார்பரேட்டரிலிருந்து கழற்றி, டேங்க் பக்கத்தில் பில்டரை எடுத்துவிட்டு அந்த நுனியை அடைத்து, ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சால் காற்று தள்ளுங்கள். டியூபைத் தண்ணீரில் வைத்து வளைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

மாற்றும்போது ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரி சலைன் டியூப் மாட்டாதீர்கள். கிராமத்தில் இதுதான் எல்லோருக்கும் முதல் யோசனை. நானும் ஆரம்ப காலத்தில் செய்தவன்தான், மறைக்கவில்லை. அந்த பிளாஸ்டிக்கை மிருதுவாக வைத்திருக்கும் பொருளைப் பெட்ரோல் உறிஞ்சி எடுத்துவிடும். சில வாரத்தில் மூங்கில் குச்சி மாதிரி விறைத்து, மூக்கிலிருந்து தானாகக் கழன்றுவிடும். மீன் தொட்டி டியூபும் அப்படியே. பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் டியூப், அதுவும் இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனாலைத் தாங்குவது என்று கேட்டு வாங்குங்கள். டேங்கில் நுழையும் இடத்தில் உருவம் கொடுத்து வார்த்த டியூப் உள்ள மாடல்களுக்கு அதே வார்ப்பு டியூப்தான் பொருந்தும். நேர் டியூபை வைத்துத் திணித்தால் அந்த இடத்தில் கசியும்.

பில்டர் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. கறுத்து, வழவழப்பாகிவிட்டால் மாற்றுங்கள். பில்டர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்டாதீர்கள். அதன் கனத்தில்தான் டியூப் நுனி எப்போதும் பெட்ரோலுக்குள் முங்கிக் கிடக்கிறது.

கார்பரேட்டர் கிட் நானே மாற்றலாமா?

மாற்றலாம். சுத்தமான மேசை, வெள்ளைத் துணி, நல்ல வெளிச்சம், அவசரம் இல்லாத ஒரு காலைப் பொழுது இருந்தால் போதும். ஒவ்வொரு மூடியைக் கழற்றும்போதும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டர் மேலேயே வால்ப்ரோ, சாமா, டில்லாட்சன் என்று கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் பொறித்திருக்கும். மெஷின் பெயரைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லி கிட் கேளுங்கள். ஒரே மெஷினில் வேறு வேறு வருஷத்தில் வேறு வேறு கார்பரேட்டர் போட்டிருப்பார்கள்.

பழைய டயாபிரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். புதுசு வெங்காயச் சருகு மாதிரி இளகலாக ஆடும். பழசு மொறமொறவென்று காகிதம் போலச் சத்தம் போடும். விறைத்த சவ்வு லீவரைச் சரியாக அமுக்காது. ஐட்லிங்கில் ஓடும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் மூச்சு முட்டி அணைந்துவிடும்.

பலர் தடுமாறும் இடம் கேஸ்கட் வரிசை. பெரும்பாலான கார்பரேட்டர்களில் பம்ப் பக்கம் டயாபிரம் முதலில் உடலோடு ஒட்டி, அதன் மேல் கேஸ்கட், அப்புறம் மூடி. அளவு டயாபிரம் பக்கம் இதற்கு நேர் எதிர்: உடலோடு ஒட்டி முதலில் கேஸ்கட், அதன் மேல் டயாபிரம். விதிவிலக்கு உண்டு, அதற்குத்தான் போட்டோ.

பம்ப் பக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளே சட்டைப் பொத்தான் அளவு ஒரு கம்பி வலை இருக்கும். பல பேர் கிட் மாற்றிவிட்டு இந்த வலையைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே பச்சை நிறத்தில் பிசின் அடைத்திருந்தால் புது டயாபிரம் போட்டும் பயனில்லை.

லீவர் உயரம் முக்கியம். கொஞ்சம் உயர்ந்து நின்றால் நீடில் சீக்கிரம் திறந்து பெட்ரோல் வழியும். தாழ்ந்து நின்றால் பட்டினி. ஒவ்வொரு கார்பரேட்டர் கம்பெனிக்கும் ஒரு கேஜ் தகடு உண்டு, அதைக் கொண்டு பாருங்கள். கேஜ் இல்லையென்றால் பழைய லீவரைக் கழற்றுவதற்கு முன் எந்த மட்டத்தில் இருந்தது என்று பார்த்து அதே மட்டத்தில் வையுங்கள். வளைக்கும்போது நீடிலின் ரப்பர் நுனி மேல் அழுத்தம் விழக்கூடாது.

எல்லாம் மூடியபின் பெட்ரோல் மூக்கில் ஒரு பிரஷர் பம்ப் வைத்து 0.8 பார் (அழுத்தத்தின் அளவு) காற்று ஏற்றுங்கள். கேஜ் முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் கார்பரேட்டரைப் பெட்ரோலில் முக்கிப் பாருங்கள், எங்கிருந்து குமிழி வருகிறது என்று தெரிந்துவிடும்.

கிளட்ச் வயர், குண்டூசி எதையும் ஜெட் துளைக்குள் (பெட்ரோல் அளவாக வெளியேறும் நுண்துளை) விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்தக் கார்பரேட்டர் பழையபடி ட்யூனிங் நிற்காது. கம்ப்ரஸர் காற்று அடிப்பதாக இருந்தால் டயாபிரம் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு அடியுங்கள். ஸ்ப்ரே கிளீனரும் அப்படித்தான், ரப்பரில் பட்டால் ஊதிப் போகும்.

எச், எல் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மெஷின் முன்னைவிட வேகமாக ஓடுகிறது. நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். எச் ஸ்க்ரூ அதிக வேகத்துக்கும் எல் ஸ்க்ரூ குறைந்த வேகத்துக்கும் பெட்ரோல் அளவை வைப்பது, மூடினால் பெட்ரோல் குறையும், திறந்தால் கூடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. அந்த நிலையில் மெஷின் கணீரென்று, கத்திக்கொண்டு, ரொம்ப அருமையாக ஓடும். ஓட்டுபவருக்குச் சந்தோஷமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு உரசி இழுத்துக்கொள்ளும், நாங்கள் சீஸ் என்போம். சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் செங்குத்தாகக் கீறல் விழுந்திருப்பது தெரியும்.

ஆறு மாதமாக ஒரே செட்டிங்கில் ஓடிய மெஷினுக்கு இன்று திடீரென்று ஸ்க்ரூ திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் ஸ்க்ரூ தானாக நகரவில்லை, வேறு எங்கோ காற்று இழுக்கிறது. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழல் வெடித்திருக்கலாம், கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம், துடிப்பு வரும் குழாய் கழன்றிருக்கலாம். அறிகுறி இதுதான்: ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ஸ்பீடு உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும், ஐட்லிங் ஏறி ஏறி இறங்கும். இதை எச் ஸ்க்ரூவைத் திறந்து சமாளித்தால் ஓடும். ஓட்டை மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகும்.

சந்தேகம் வந்தால் பழைய சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி சைலன்சருக்கு அடியிலும் கார்பரேட்டர் இடத்திலும் வைத்து அடைத்து, துடிப்புத் துளை வழியாக 0.5 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பிறகு அதே 0.5 பார் அளவுக்கு வேக்கமும் கொடுத்து, அதாவது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். ஆயில் சீல் சில நேரம் உள்ளிருந்து தள்ளும்போது தாங்கும், வெளியிலிருந்து இழுக்கும்போது விட்டுவிடும்.

இதெல்லாம் சரி என்றால்தான் ட்யூனிங். ஏர் பில்டர் சுத்தமாக, செயின் கூராக, இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எச், எல் இரண்டையும் மெதுவாக முழுக்க மூடி (இறுக்கினால் உட்காரும் இடம் கெடும்) ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். பல மாடல்களுக்கு அது போதுமான தொடக்கம். எல் ஸ்க்ரூவை ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தயங்காமல் எழும் இடத்தில் வையுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூ, செயின் சுற்றாமல் இன்ஜின் மட்டும் ஓடும் இடத்தில். எச் ஸ்க்ரூவுக்குக் காதுதான் கருவி: பாரம் இல்லாமல் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்சம் கரகரவென்று தடுமாறும் சத்தம் வர வேண்டும், மரத்தில் இறக்கியதும் அது தெளிய வேண்டும். பாரம் இல்லாமலே தெளிவாகக் கத்தினால் பெட்ரோல் போதவில்லை.

பலகை அறுப்பவர்களிடம் இருக்கும் பழைய ஸ்டில் 070 போன்றவற்றில் இந்தக் காது வித்தை ஏமாற்றும். அவற்றின் கார்பரேட்டருக்குள்ளேயே ஸ்பீடைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உண்டு. உச்ச வேகத்தில் அதுவே பெட்ரோலைக் கூட்டிக் கரகரக்க வைக்கும். அதைக் கேட்டு எச் ஸ்க்ரூவை மூடினால் பெரிய பிஸ்டனுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டியதுதான்.

இப்போது பங்கில் வரும் எத்தனால் பெட்ரோல் பழைய மெஷினைக் கெடுக்குமா?

கெடுக்கும். ஓடும்போது செய்கிற கெடுதலைவிட, நிற்கும்போது செய்வதுதான் அதிகம். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் என்ற அளவை நாடு 2022-ல் எட்டியது. 2023 பிப்ரவரியில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, வரத் தொடங்கி, 2025-க்குள் எங்கும் அதுவே சாதாரணமாகிவிட்டது. இந்த மெஷின்களின் கையேடுகளில் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதி.

முதல் பிரச்சினை ரப்பர். பழைய டியூபும் டயாபிரமும் எத்தனாலில் ஊதும், பிறகு காய்ந்து விறைக்கும். இரண்டாவது, கலவை. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே ஸ்க்ரூ செட்டிங்கில் இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போவதற்குச் சமம். பழைய பெட்ரோலில் ட்யூன் செய்த மெஷினுக்கு எச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறக்க வேண்டிவரும்.

மூன்றாவதுதான் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டியது. எத்தனால் தண்ணீரோடு சேரும். ஈரக் காற்றிலோ, மழையில் மூடி வழியாகவோ தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். நாம் கலந்த 2டி ஆயிலோ (டூ ஸ்ட்ரோக் ஆயில்) மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். பில்டர் கிடப்பது அடியில். ஆகவே மெஷின் முதலில் உறிஞ்சுவது ஆயில் இல்லாத தண்ணீர்ச் சாராயத்தை.

கையிலிருக்கும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீரும் ஆயில் கலக்காத பெட்ரோல் 80 மில்லியும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் இல்லையென்றால் கோடு 20-லேயே நிற்கும். இ20 என்றால் 35 பக்கம் ஏறும். இப்படித் தண்ணீரால் கழுவி எத்தனாலை எடுத்துவிட்டு அந்தப் பெட்ரோலை ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். எத்தனால் போனால் ஆக்டேனும் இறங்கும், இன்ஜின் தட்டும்.

நான் செய்வது இவ்வளவுதான். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பது, வேலை முடிந்ததும் மீதியை வடித்து பைக்கில் ஊற்றிவிடுவது.

2டி ஆயில் கொஞ்சம் கூடவே ஊற்றினால் பாதுகாப்புதானே?

ஒரு அளவு வரை. நல்ல ஆயிலுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். சாதாரண ஆயிலுக்கு 25:1, லிட்டருக்கு 40 மில்லி. பழைய மெஷின்களுக்கு நான் 25 மில்லி ஊற்றுகிறேன், என் பழக்கம் அது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுபவர்கள் மறப்பது ஒன்று: ஜெட் துளை அதேதான். ஆயில் கூடினால் அந்த இடத்துக்குப் பெட்ரோல் குறையும். ஆயில் கூட்டியதாலேயே கலவை காற்றுப் பக்கம் சாய்ந்துவிடும். பாட்டிலில் ஜாசோ எஃப்டி என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். படகு இன்ஜின் ஆயில் வேண்டாம், அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு.

சித்திரை வெயிலில் அறுத்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் அரைமணி நேரத்துக்கு ஸ்டார்ட் ஆவதில்லையே?

இன்ஜின் சூட்டில் கார்பரேட்டருக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்கு முன் அரை நிமிஷம் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள், நிழலில் வையுங்கள், சிலிண்டர் துடுப்புகளில் அடைந்த தூளைத் தட்டிவிடுங்கள். முக்கியமாக, சூடான மெஷினின் டேங்க் மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்திருந்தால் பெட்ரோல் ஊற்று மாதிரி முகத்தில் அடிக்கும். பக்கத்தில் பீடி இருந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

கிட் வாங்குவதா, டூப்ளிகேட் கார்பரேட்டரே புதுசாக வாங்குவதா?

58 சிசி மெஷினுக்கு புதுசு வாங்கிவிடுங்கள், பழையதோடு மல்லுக்கட்டுவது நேரச் செலவு. பழைய ஜெர்மன், சுவீடன் மெஷின்களுக்குக் கிட்தான் என் தேர்வு. அந்தக் காலத்துக் கார்பரேட்டர் உடல் எளிதில் தேயாது. ஆக்சிலேட்டர் தண்டு அதன் துளையில் லொடலொடவென்று ஆடினால் மட்டும் அதற்குமேல் உயிர் கொடுக்க முடியாது, அந்த இடைவெளி வழியாகவே காற்று புகும்.

ஆறு மாதம் எடுத்து வைக்கப் போகிறேன். டேங்கைக் காலி செய்வதா, நிரப்பி வைப்பதா?

காலி செய்யுங்கள். வடித்துவிட்டு, ஐட்லிங்கில் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிறகு சோக் போட்டு இன்னும் இரண்டு இழுப்பு. சவ்வு காய்ந்துவிடும் என்று நிரப்பி வைக்கச் சொல்பவர்களும் உண்டு. எத்தனால் இல்லாத காலத்தில் அது சரிதான்.

பட்டறைக்கு மெஷினோடு வேறு என்ன கொண்டு வரட்டும்?

கடைசியாக ஊற்றிய கேனை, உள்ளே மீதி இருப்பதோடு சேர்த்து. போன மாதம் ஒருவர் மூன்றாவது தடவையாக வந்தார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கேன் மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பர் வாஷர் இல்லை. கேன் மோட்டார் கொட்டகைக்கு வெளியே, ஓட்டுத் தண்ணீர் சொட்டும் இடத்தில் இருந்திருக்கிறது.